புதுப்பிப்பு: இட்லிக்கடை அக்காவின் தண்டல் கடன்

எங்கள் தெருமுனையில் இட்லிக்கடை வைத்திருக்கும் அக்கா, 10,000 ரூபாய் தண்டலில் 1,500 பிடித்தம் போக 8,500 மட்டுமே வாங்கி, நாளுக்கு 100 ரூபாயாக 100 நாள் கட்ட ஒப்புக்கொண்டதையும், மூன்று நாள் தவறியதும் வசூலுக்கு வந்தவர் எரிவாயு உருளையைத் தூக்கிச் சென்றதையும் சென்ற மாதம் எழுதியிருந்தேன்.

உருளை திரும்பி வந்துவிட்டது. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு, வருமானம் எவ்வளவாயினும், இலவச உதவி உண்டு என்பதால் அங்கே சென்றோம். தமிழ்நாட்டின் 2003ஆம் ஆண்டு கந்துவட்டித் தடைச் சட்டம் தண்டலையும் பெயர் சொல்லியே தடை செய்கிறது என்றும், 3 ஆண்டு வரை சிறையும் 30,000 ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம் என்றும் விளக்கிய வழக்கறிஞர், காவல் நிலையத்துக்குப் புகார் எழுதித் தந்தார். அக்காவிடம் இருந்த ஒரே சான்று, எண்ணெய்க் கறை படிந்த வரவு அட்டை. அதில் 61 நாள்களுக்கான கையெழுத்துகள் இருந்தன. அந்த அட்டையை மட்டும் யாரும் தொலைத்துவிடாதீர்கள்.

கையெழுத்திட்டுக் கொடுத்த வெற்றுப் புரோநோட்டு இன்னும் கடன் கொடுத்தவர்களிடமே இருப்பதுதான் என் கவலை. நிலுவையைச் சட்டப்படியான வட்டியோடு நீதிமன்றத்திலேயே செலுத்த அச்சட்டம் வழி தருவதால், அதற்கான மனு தயாராகி வருகிறது.