வேலிமசால் சைலேஜ் நாறுகிறது, ஏன்?

கேள்வி: ஆறு மாடு வைத்திருக்கிறேன். சைலேஜ் (காற்றுப் புகாமல் புளிக்கவைக்கும் பசுந்தீவனம்) போடலாமென்று வேலிமசாலை (பயறு வகைத் தீவனச் செடி) அறுத்த கையோடு நறுக்கி, நீலப் பீப்பாயில் மிதித்து அடைத்தேன். 45 நாள் கழித்துத் திறந்தால் வழவழவென்று, கெட்டுப்போன வெண்ணெய் வாடை. மாடு முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. இதே பீப்பாயில் மக்காச்சோளம் நன்றாக வந்ததே?

பதில்: மக்காச்சோளத்தில் சர்க்கரை அதிகம், லாக்டிக் அமிலம் ஊறிச் சீக்கிரம் புளித்துவிடும். மசாலில் சர்க்கரை குறைவு. போதாததற்கு அதன் புரதமும் சுண்ணாம்புச் சத்தும் புளிப்பை ஏறவிடாது. பி.எச். (புளிப்பைக் காட்டும் எண்; குறையக் குறையப் புளிப்பு அதிகம்) 4 பக்கம் இறங்காமல் 5-லேயே நின்றால் வேறு கிருமி புகுந்து பியூட்டிரிக் அமிலத்தை உண்டாக்கும். அந்த வாடைதான் இது.

இன்னொரு பதில்: ஈரமும்தான். கையில் பிழிந்து பார்த்தீர்களா? சாறு சொட்டினால் அரை நாள் வாடவிடுங்கள். நான் மூன்று பங்கு மக்காச்சோளத்துக்கு ஒரு பங்கு மசால்தான் கலக்கிறேன்.

கேட்டவர்: பிழிவானேன், பீப்பாய் அடியில் ஒரு சொம்பு தண்ணீர் நின்றது! சரி, எருக்குழிக்குப் போகட்டும்.