புதுப்பிப்பு: கிரைண்டர் ஸ்டாண்ட் தயார்

ராமேசுவரம் பக்கத்துக் கடலோர ஊரான மண்டபத்தில் இருக்கும் என் பட்டறையில், உளி தீட்டும் பெஞ்ச் கிரைண்டருக்கு (மோட்டாரில் சுழலும் சாணைக்கல்) குறைந்த செலவில் மர ஸ்டாண்ட் செய்யப்போவதாக முன்பு எழுதியிருந்தேன். முடித்துவிட்டேன், நன்றாக நிற்கிறது.

கால்களுக்கு நம்ம ஊர் சீமைக்கருவேலம்தான். விறகாகப் போகிற மரம், ஆனால் அவ்வளவு கனம், அவ்வளவு உறுதி! நேரான கட்டை கிடைப்பதுதான் பாடு. விறகுக் கடையில் பொறுக்கி எடுக்க வேண்டும். முதலில் துளை போடாமல் ஸ்குரூ இறங்காது. மேலே 18 மி.மீ. பிளைவுட் இரண்டு அடுக்கு, கீழ்த்தட்டில் ஒரு மணல் மூட்டை. மூட்டை ஏறியதும் அதிர்வு அடங்கிவிட்டது. உளியை நனைக்க வைத்த டப்பாத் தண்ணீர்கூடத் ததும்பவில்லை.

போல்ட் மட்டும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் வாங்குங்கள். உப்புக்காற்றில் சாதா போல்ட் துருவேறி இறுகிவிடும், கழற்றவே முடியாது.

அப்புறம், உயரம் கேட்டவர்களுக்கு: சாணைக்கல்லின் நடு உங்கள் முழங்கை மட்டத்தில் இருக்கட்டும். பொறி விழும் பக்கம் தகரம் அடித்துவிடுங்கள்.