பட்டா மூத்த மகன் பெயரில், கிரயப் பத்திரம் இறந்துபோன அப்பா பெயரில்: யார் யார் கையெழுத்து வேண்டும்?

மாடிப்படி:
வணக்கம். முதல் வீடு வாங்கப் போகிறோம். முன்பணம் கொடுத்தபிறகுதான் சந்தேகம் வந்தது, இரண்டு வாரமாகச் சரியான தூக்கம் இல்லை.

வீட்டின் கிரயப் பத்திரம் விற்பவருடைய அப்பா பெயரில் 1991-ல் பதிவானது. அவர் 2014-ல் உயில் எழுதாமல் இறந்துவிட்டார். பட்டா, சொத்து வரி, மின் இணைப்பு மூன்றும் இப்போது மூத்த மகன் பெயரில். அவர்தான் விற்கிறார். 1990-லிருந்து வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தேன், அந்தக் கிரயத்தைத் தவிர வேறு பதிவு இல்லை. விலையில் பத்தில் ஒரு பங்கைக் கொடுத்து, முத்திரைத்தாளில் கிரய ஒப்பந்தம் எழுதினோம். பதிவு செய்யவில்லை. மூன்று மாதக் கெடு.

வாரிசுச் சான்று நகல் நேற்றுதான் கைக்கு வந்தது. அதில் ஐந்து பெயர்கள்: அம்மா, இரண்டு மகன்கள், ஒரு மகள், இறந்தவருடைய தாயார். அந்தப் பாட்டி 2019-ல் காலமாகிவிட்டார். மகள் திருமணமாகி வெளிநாட்டில் இருக்கிறார்.

தரகரிடம் கேட்டால், "பட்டா இவர் பெயரில் இருக்கிறது, வில்லங்கமும் சுத்தம். அம்மாவும் தம்பியும் கையெழுத்துப் போட்டால் போதும். பின்னால் ஏதாவது வந்தால் நானே பொறுப்பு என்று விற்பவர் பத்திரத்திலேயே எழுதித் தருவார்" என்கிறார். இது போதுமா?

ஆலமரம்:
இரண்டு நாளிதழ்களில் பொது அறிவிப்பு கொடுத்துவிடுங்கள். பதினைந்து நாளில் யாரும் ஆட்சேபிக்காவிட்டால் தைரியமாகப் பதியலாம். எங்கள் சொந்தக்காரர் அப்படித்தான் செய்தார்.

கருப்பு அங்கி:
மன்னிக்கவும் ஆலமரம் ஐயா, அந்த யோசனையை நம்பி இவர் பணத்தை இழந்துவிடக் கூடாது. அறிவிப்பு கொடுப்பது நல்லதுதான். ஆனால் வெளிநாட்டில் இருக்கும் மகள் அந்தப் பத்திரிகையைப் பார்க்கவில்லை என்பதற்காக அவருடைய பங்கு போய்விடாது.

மாடிப்படி, நான் சிவில் வழக்குகள் நடத்துகிறேன். தரகர் சொல்வது போதாது. பட்டா வருவாய்த் துறையின் பதிவேடு, அதுவே உரிமைப் பத்திரம் ஆகாது. உச்ச நீதிமன்றம் இதைப் பலமுறை சொல்லிவிட்டது. வில்லங்கச் சான்றில் பதிவான பத்திரங்கள் மட்டும்தான் தெரியும். ஒருவர் இறந்த நொடியில் வாரிசுகளுக்குப் பங்கு போய்ச் சேர்கிறது, அதற்கு எந்தப் பத்திரமும் பதிவாவதில்லை. எனவே உங்கள் வில்லங்கச் சான்று சுத்தமாக இருப்பதும், இந்த வீட்டுக்கு ஐந்து உரிமையாளர்கள் இருப்பதும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாம். பதிவு ஆகிவிட்டாலே உரிமை வந்துவிட்டது என்றும் நினைக்காதீர்கள். விற்பவரிடம் இருக்கிற உரிமை மட்டும்தான் உங்களுக்கு வரும்.

இரண்டு கேள்வி. இந்துக் குடும்பமா? பாட்டிக்கு வேறு பிள்ளைகள் உண்டா?

மாடிப்படி:
இந்துக் குடும்பம்தான் சார். வீடு அவருடைய சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கியது. பாட்டிக்கு இன்னும் ஒரு மகன், ஒரு மகள் இருக்கிறார்களாம். அதாவது விற்பவருக்குச் சித்தப்பாவும் அத்தையும். அவர்களுக்கும் இந்த வீட்டுக்கும் என்ன சம்பந்தம்?

கருப்பு அங்கி:
சம்பந்தம் உண்டு. பலர் தவறவிடும் இடம் இதுதான், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

1956-ம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் இல்லாமல் இறந்த ஆணின் முதல் வகுப்பு வாரிசுகளில் மனைவி, மகன்கள், மகள்கள் ஆகியோருடன் தாயும் வருகிறார். தந்தை அந்த வகுப்பில் இல்லை, தாய் உண்டு. எனவே 2014-ல் வீடு ஐந்து சம பங்காகிவிட்டது. மகளுக்குத் திருமணம் ஆனதால் எதுவும் மாறாது.

2019-ல் பாட்டி இறந்தபோது அவருடைய ஐந்தில் ஒரு பங்கு காற்றில் கரைந்துவிடவில்லை. அவரும் உயில் எழுதவில்லை, தாத்தா முன்பே காலமாகிவிட்டார் என்று வைத்துக்கொண்டால், அது அவருடைய பிள்ளைகளுக்குப் போகும். முன்பே இறந்த மகனுடைய பங்கு அந்த மகனின் பிள்ளைகளுக்கு. அதாவது சித்தப்பாவுக்குப் பதினைந்தில் ஒன்று, அத்தைக்குப் பதினைந்தில் ஒன்று, மீதமுள்ள பதினைந்தில் ஒன்று விற்பவருக்கும் அவருடைய தம்பி, தங்கைக்கும். ஆக, ஆறு பேர் கையெழுத்து: அம்மா, இரண்டு மகன்கள், மகள், சித்தப்பா, அத்தை.

அத்தையின் கையெழுத்து விட்டுப்போனால் வீடு முழுவதும் போய்விடும் என்று பயப்பட வேண்டாம். ஆனால் கூட்டு உரிமையாளர் ஒருவர் விற்றால் அவருடைய பங்கு மட்டும்தான் வாங்குபவருக்குச் சேரும். அதுவும் பிரிக்கப்படாத குடும்பத்தின் குடியிருப்பு வீடு என்றால், சொத்து மாற்றுச் சட்டத்தின் 44-ம் பிரிவுப்படி வெளியாள் உள்ளே புகுந்து சேர்ந்து குடியிருக்க உரிமை கேட்க முடியாது. பாகப்பிரிவினை வழக்குதான் போட வேண்டியிருக்கும்.

கிறிஸ்தவக் குடும்பமாக இருந்தால் கணக்கு வேறு: 1925-ம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி மனைவிக்கு மூன்றில் ஒன்று, மீதி பிள்ளைகளுக்கு, தாய்க்கு இல்லை. இஸ்லாமியக் குடும்பங்களுக்கும் தனிக் கணக்கு உண்டு. அதனால்தான் முதலில் அதைக் கேட்டேன்.

பழைய ஏடு:
பத்திரம் எழுதியே தலை நரைத்தவன் நான். வக்கீல் சொன்னது சரி. நடைமுறையைச் சொல்கிறேன்.

தனித்தனியாக விடுதலைப் பத்திரம் (தன் பங்கை விட்டுக்கொடுக்கும் பத்திரம்) வாங்கி அலைய வேண்டாம் தம்பி. ஆறு பேரும் கிரயப் பத்திரத்திலேயே எழுதிக்கொடுப்பவர்களாக நின்றுவிட்டால் ஒரே பத்திரத்தில் முடிந்துவிடும். சொத்து வந்த வரலாற்றில் 1991 கிரயம், இரண்டு இறப்புகளின் தேதி, இரண்டு வாரிசுச் சான்றுகளின் எண் எல்லாம் வர வேண்டும். பாட்டிக்கும் தனியாக வாரிசுச் சான்று வாங்கச் சொல்லுங்கள். அதையும் வட்டாட்சியர்தான் கொடுப்பார்.

வெளிநாட்டு மகள் வர முடியாவிட்டால் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் அதிகாரப் பத்திரம் (தனக்காகக் கையெழுத்திட இன்னொருவருக்கு அதிகாரம் தரும் பத்திரம்) எழுதி அனுப்பலாம். அந்தப் பத்திரம் இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டிவிட வேண்டும், இதில் கோட்டை விட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அப்புறம், "நானே பொறுப்பு" என்ற வரி. அதை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், தவறில்லை. ஆனால் நாளைக்குப் பிரச்சினை வந்தால் அது விற்பவர் மேல் பணத்துக்கு வழக்குப் போட உதவும், அத்தையின் பங்கை உங்களுக்கு வாங்கித் தராது.

செந்தூரம்:
நான் அப்படிக் கையெழுத்து கேட்கப்பட்ட மகள். பதிவுக்கு முந்தின நாள் இரவு ஃபோன் செய்து, "சும்மா ஒரு கையெழுத்துதான், காலையில் வந்துவிடு" என்றார்கள். என்ன பத்திரம், என் பங்கு எவ்வளவு, எதுவும் சொல்லவில்லை. நான் போகவில்லை. இரண்டு ஆண்டு அந்த விற்பனை நின்றது, வாங்க வந்தவர்தான் பாவம். விட்டுக்கொடுக்கக்கூடாது என்று எனக்குப் பிடிவாதம் இல்லை. கேட்ட விதம்தான் வலித்தது. அந்தத் தங்கையிடமும் அத்தையிடமும் விற்பவர் இப்போதே பேசட்டும். அவர்கள் பங்குக்குப் பணம் கேட்டால் அது அவர்களுடைய உரிமை. அதைத் தொந்தரவாகப் பார்க்காதீர்கள்.

மாடிப்படி:
மிகவும் நன்றி சகோதரி. இது எனக்குத் தோன்றவே இல்லை. இன்னொரு கேள்வி: இதனால் கெடு தாண்டிவிட்டால் முன்பணம் போய்விடுமா? பதிவாகாத ஒப்பந்தம் செல்லுமா?

கருப்பு அங்கி:
தாமதத்துக்குக் காரணம் விற்பவருடைய உரிமைக் குறை என்பதால், முன்பணத்தை அவர் பறித்துக்கொள்ள முடியாது. ஆனால் அதை எழுத்தில் சொல்லிவையுங்கள். "நான் வாங்கத் தயார், இன்னின்னாருடைய கையெழுத்து வேண்டும்" என்று இன்றே பதிவுத் தபால் அனுப்புங்கள். மீதிப் பணம் தயாராக இருந்ததைக் காட்டும் வங்கிக் கணக்கையும் பத்திரப்படுத்துங்கள்.

தமிழ்நாட்டில் 2012 முதல் கிரய ஒப்பந்தத்தைப் பதிய வேண்டும். பதியாத ஒப்பந்தத்தையும் ஒப்பந்தத்தை நிறைவேற்றக் கோரும் வழக்கில் சாட்சியமாகக் காட்டலாம் என்று 2023-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் அதை நம்பி உட்காராதீர்கள். ஆறு பேரும் கையெழுத்திட்ட புதிய ஒப்பந்தம் எழுதி, பதிந்துவிடுங்கள்.

பழைய ஏடு:
வரி விஷயம் ஒன்று விட்டுப்போயிற்று. விலை 50 லட்சம் அல்லது அதற்கு மேல் என்றால் வாங்குபவர் அதில் 1 சதவீதத்தை வருமான வரியாகப் பிடித்துக் கட்ட வேண்டும். வெளிநாட்டில் வாழும் மகளுடைய பங்குக்கு இந்த வரம்பு கிடையாது, விகிதமும் அதிகம். பணம் கொடுக்கும் முன்பே ஆடிட்டரைப் பாருங்கள். கட்டாமல் விட்டால் நோட்டீஸ் உங்களுக்குத்தான் வரும்.

மாடிப்படி:
மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். தபால் அனுப்பியதும் விற்பவர் முதலில் கோபப்பட்டார். பிறகு தன் வக்கீலிடம் கேட்டுவிட்டு அவரே அத்தை வீட்டுக்குப் போனார். சித்தப்பா பணம் வேண்டாம் என்று கையெழுத்துக்கு ஒப்புக்கொண்டார். தங்கை தூதரகத்தில் நேரம் வாங்கியிருக்கிறார். அவருடைய அதிகாரப் பத்திரம் வந்ததும் புதிய ஒப்பந்தத்தைப் பதிகிறோம், கெடு இன்னும் நான்கு மாதம். அத்தை தன் பங்குத் தொகையைத் தன் பெயரிலேயே தனி வரைவோலையாகக் கேட்டிருக்கிறார். அப்படியே ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லிவிட்டேன்.