நீடில் மாத்தியும் கார்புரேட்டர்ல பெட்ரோல் சொட்டுது, எங்கே பார்க்கணும்?

ராக்ஃபோர்ட்_ரைடர்:
1999 மாடல் பைக், 100 சிசி, நாலு ஸ்ட்ரோக். ஓடும்போது குறை இல்லை. பெட்ரோல் டேப் (டேங்குக்கு அடியில இருக்கிற குழாய்) ஆன்ல இருக்க சைடு ஸ்டாண்டு போட்டா, கார்புரேட்டர் அடியில இருக்கிற பைப் வழியா சொட்டுது. நீடில் வால்வ் (கார்புரேட்டருக்குள்ள வர்ற பெட்ரோலை மூடித் திறக்கிற ஊசி) புதுசு போட்டதும் நின்னது, கொஞ்ச நாள்ல திரும்பிடுச்சு. கார்புரேட்டரையே மாத்தணுமா அண்ணா?

ஸ்பேனர்12:
மாத்தாதீங்க தம்பி. நின்னுட்டுத் திரும்ப வந்ததுதான் துப்பு. டேங்க் துரு நீடிலுக்கும் அது உட்கார்ந்து மூடுற சீட்டுக்கும் நடுவுல மாட்டினா வால்வ் முழுசா மூடாது, எத்தனை நீடில் போட்டாலும் இதே கதைதான். சொட்டும்போது ஃப்ளோட் (நீடிலை ஏத்தி இறக்குற மிதவை) இருக்கிற அடிக் கிண்ணத்தை ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால லேசா தட்டுங்க. நின்னா பெரும்பாலும் தூசி, இல்லேன்னா வேற காரணம் தேடணும். அப்புறம் ட்ரெய்ன் ஸ்க்ரூவைத் திறந்து கண்ணாடி டம்ளர்ல பிடிங்க. அடியில செம்மண் நிறத் தூள் தங்கினா டேங்க் வேலைதான்.

டேப்பையும் சோதிங்க. ஆஃப் பண்ணி, ஹோஸைக் கார்புரேட்டர்ல இருந்து உருவி பாட்டில்ல விடுங்க. 10 நிமிஷத்துல ஒரு சொட்டு விழுந்தாலும் டேப் உள்ளே இருக்கிற ரப்பர் போச்சு. எல்லாம் திறந்த வெளியில பண்ணுங்க. பெட்ரோல் ஆவி காத்தைவிடக் கனம், தரையோட பரவி அடுப்பு வரைக்கும் போகும்.

ஜெட்_நம்பர்_78:
மேலே சொன்னது சரி, ஆனா சீட்டை விட்டுட்டார். கார்புரேட்டரைக் கழற்றித் தலைகீழாப் பிடிச்சு, பெட்ரோல் வர்ற முனையில சுத்தமான டியூப் மாட்டி ஊதுங்க. காத்து போகவே கூடாது. போனா பித்தளை சீட்டை காது குடையிற பஞ்சுக் குச்சியில மெட்டல் பாலிஷ் தொட்டுத் தேய்ங்க. உப்புத்தாள் வேண்டவே வேண்டாம், கீறல் விழுந்தா அதுவே புது லீக். நீடில் நுனியில வளையமா பள்ளம் தெரிஞ்சா தேய்ஞ்சது.

ஃப்ளோட்டை வெந்நீர்ல அமுக்கிப் பாருங்க. குமிழி வந்தா ஓட்டை. பசை போட்டு ஒட்டினா எடை கூடி லெவல் மாறும், மாத்திடுறதுதான் நல்லது.

பலர் தவறவிடுறது கிண்ணத்துக்கு நடுவுல நிக்கிற பித்தளைக் குழாய். எல்லா மாடல்லயும் இருக்காது. இருந்தா, கிண்ணத்தைத் தனியா எடுத்து அந்தக் குழாயோட வாய்க்குச் சற்றுக் கீழே வரைக்கும் பெட்ரோல் ஊத்தி, பேப்பர் மேல வைங்க. அடியில ஈரமானா குழாயில விரிசல். அப்போ நீடில் மேல குத்தமே இல்லை.

கிண்ணத்து ஓ-ரிங் (ரப்பர் வளையம்) பெட்ரோல்ல ஊறி உப்பி, பள்ளத்துல உட்காராது. இராத்திரி முழுக்கக் காய விட்டா பெரும்பாலும் சுருங்கிடும். இப்போ இ20 (20% எத்தனால் கலந்த) பெட்ரோல் என்பதால பழைய ரப்பர் சீக்கிரம் கெடுது, புதுசு வாங்கினா ‘விட்டான்’ (Viton) ரக ரப்பர் கேளுங்க. கேஸ்கெட் பேஸ்ட் தடவாதீங்க, பிசிறு போய் ஜெட்டை (பெட்ரோல் போற நுண் துளை) அடைக்கும்.

ராக்ஃபோர்ட்_ரைடர்:
தட்டினதும் நின்னுடுச்சு. டம்ளர்ல செந்தூள் இருக்கு. இன்ஜின் ஆயிலும் மேல் கோட்டைத் தாண்டி நிக்குது.

ஸ்பேனர்12:
அப்போ இப்போதைக்கு ஸ்டார்ட் பண்ணாதீங்க. நிரம்பி வழிஞ்ச பெட்ரோல் இன்லெட் வால்வ் வழியா சிலிண்டருக்கும், பிஸ்டன் ரிங் இடுக்குல இறங்கி ஆயிலுக்கும் போயிருக்கு. நீர்த்த ஆயில்ல ஓட்டினா கேம் ஷாஃப்ட், பிஸ்டன் தேயும். ஆயிலை முழுசா வடிச்சுப் புதுசு ஊத்துங்க. சாவி ஆஃப்ல இருக்க, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி மெதுவா நாலு கிக் மிதிச்சு சிலிண்டர்ல தேங்கினதை வெளியேத்துங்க. பிளக்கைக் கழற்றாம வேகமா மிதிச்சா, சிலிண்டர்ல பெட்ரோல் நிரம்பியிருந்தா கனெக்டிங் ராடு வளையலாம்.

டேங்குக்கு டேப்பைக் கழற்றி ஓட்டையை அடைச்சிடுங்க. லிட்டர் வெந்நீருக்கு 50 முதல் 100 கிராம் எலுமிச்சை உப்பு (சிட்ரிக் அமிலம்), ஒரு இராத்திரி ஊறட்டும். வடிச்சு, ஆப்ப சோடா கரைசல்ல அலசி, தண்ணியில அலசி, உடனே வெயில்ல காய வைங்க. காயாம விட்டா மறுநாளே துரு பூக்கும். காய்ஞ்சதும் கொஞ்சம் பெட்ரோல்ல 2டி ஆயில் (டூ-ஸ்ட்ரோக் ஆயில்) கலந்து உள்ளே சுழற்றி வெளியே ஊத்திடுங்க. டேப் வலை கிழிஞ்சிருந்தா மாத்துங்க. ஹோஸ் நடுவுல பேப்பர் ஃபில்டர் ஒன்னு, அம்புக்குறி கார்புரேட்டர் பக்கம். கிளிப் ரெண்டு முனையிலும்.