மறு: வியூகத் தேர்வா, மூலோபாயத் தெரிவா? – ‘வழித்தெரிவு’ என்று ஒரு முன்மொழிவு

அனைவருக்கும் வணக்கம்.

ஒரு இனக்குழு தன் கோரிக்கைக்காக எந்த வழியில் போராடுவது என்று தெரிந்தெடுப்பதைச் சொல்லும் ‘ஸ்ட்ராட்டஜிக் சாய்ஸ்’ என்பதற்குப் பேராசிரியர் ஐயா ‘வியூகத் தேர்வு’ என்று எழுதியிருந்தார். யாழ்ப்பாண நண்பர், அங்கே பாடநூல்களில் புழங்கும் ‘மூலோபாயம்’ போதும் என்றார். எனக்கு இரண்டிலும் உடன்பாடில்லை. வியூகம் படைக்களத்துச் சொல். சண்டை முடிவாகிவிட்டது என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. மூலோபாயமோ ஒரே மூளை உட்கார்ந்து திட்டம் போட்டது போன்ற எண்ணத்தைத் தருகிறது. ஒரு இனக்குழு அப்படி முடிவெடுப்பதில்லை. கட்சி ஒரு பக்கம் போகும், இளைஞர்கள் வேறு பக்கம் போவார்கள், வீட்டுக்குள்ளேயே இரண்டு வழி இருக்கும்.

நான் மதுரையில் தமிழ்வழியில் அரசியல் அறிவியல் நடத்துகிறேன். சிறுபான்மை இனங்களில் சில ஏன் ஆயுதம் எடுக்கின்றன, சில ஏன் எடுப்பதில்லை என்ற பாடம் வரும்போதெல்லாம் மாணவர்கள் கையில் இருப்பவை மிதவாதம், தீவிரவாதம் என்ற இரண்டு சொற்கள்தான். என்ன கேட்கிறார்கள் என்பதையும் எப்படிக் கேட்கிறார்கள் என்பதையும் இவை ஒன்றாகக் கட்டிவிடுகின்றன. போன பருவத்தில் அகதி முகாமிலிருந்து வரும் ஒரு மாணவி எழுந்து கேட்டாள்: “எங்கட அம்மம்மா கச்சேரி வாசல்ல சத்தியாக்கிரகம் இருந்தவ. மாமா இயக்கத்துக்குப் போனவர். பிறகு ரெண்டு பேரும் தனிநாடுதான் கேட்டவை. இதுல யார் மேடம் தீவிரவாதி?”

கச்சேரி என்றதும் வகுப்பில் பாதிப் பேர் பாட்டுக் கச்சேரி என்று நினைத்தார்கள். இலங்கையில் அது மாவட்ட அரசு அலுவலகம். நம் கலெக்டர் ஆபீஸ் மாதிரி. இயக்கம் என்றால் ஆயுதக் குழு. 1961 பிப்ரவரியில் யாழ்ப்பாணத்தில் தமிழர்கள் அதன் வாசலை மறித்து உட்கார்ந்தார்கள். ஏப்ரலில் அவசரகாலச் சட்டம் போட்டு, தலைவர்களைப் பிடித்து அடைத்து, அரசு அதை முடித்தது. அப்போது கேட்டது மொழியுரிமையும் சமஷ்டியும் (கூட்டாட்சி). 1976இல் தமிழர் விடுதலைக் கூட்டணி போட்ட வட்டுக்கோட்டைத் தீர்மானத்தில் கோரிக்கை தனிநாடாக மாறியது, வழி மாறவில்லை. 1977இல் அந்தத் தீர்மானத்தோடு உதயசூரியன் சின்னத்தில் (ஆமாம், அங்கேயும் உதயசூரியன்தான்) தேர்தலில் நின்று, தமிழர் விடுதலைக் கூட்டணி 18 இடங்களை வென்று எதிர்க்கட்சியானது. கோரிக்கை உச்சம், வழியோ வாக்குச்சீட்டு. இதை மிதவாதம் என்பதா, தீவிரவாதம் என்பதா? அந்த மாணவி கேட்டது சரியான கேள்வி. அதற்குப் பதில் சொல்ல நம்மிடம் சொல் வேண்டும்.

இங்கே ஒன்றை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். பிரிவினை கேட்பவர் சட்டமன்றத்துக்கோ நாடாளுமன்றத்துக்கோ போக முடியாதபடி, நாட்டின் ஒருமைப்பாட்டைக் காப்பதாக உறுதிமொழி கேட்கும் திருத்தம் இரண்டு நாடுகளிலும் வந்தது. இந்தியாவில் 1963இல் பதினாறாவது திருத்தம். இலங்கையில் 1983 ஆகஸ்டில் ஆறாவது திருத்தம். தி.மு.க. திராவிட நாட்டைக் கைவிட்டது. 1965 ஜனவரி 25 அன்று நம் மதுரையில் மாணவர்களுக்கும் காங்கிரஸ்காரர்களுக்கும் நடந்த மோதலில் இந்தி எதிர்ப்புப் போராட்டம் பற்றிக்கொண்டது. துப்பாக்கிச் சூடு, தீக்குளிப்பு, ரயில் எரிப்பு எல்லாம் நடந்தன. இரண்டே வருடத்தில் அந்தக் கோபம் வாக்குப்பெட்டிக்குள் போய், 1967இல் ஆட்சியே மாறியது. பிடிப்பதற்கு ஒரு மாநில ஆட்சி இருந்தது என்பதுதான் காரணம். இலங்கையில் அப்படி ஒன்றும் இல்லை. 1983 ஜூலையில் தமிழர் படுகொலை நடந்த கையோடு உறுதிமொழி கேட்டார்கள்; கூட்டணி மறுத்தது, உறுப்பினர்கள் பதவி இழந்தார்கள். மாகாண சபைகள் வந்ததே 1987 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகுதான். அதற்குள் இயக்கங்கள் வளர்ந்துவிட்டன. 1983க்கு முன்பே ஆயுதம் வந்துவிட்டது என்று நண்பர்கள் சொல்லலாம், உண்மைதான். ஆனால் வாக்கை நம்பியவர்களுக்கு மக்களிடம் காட்ட எதுவுமே மிஞ்சாமல் போனது அப்போதுதான்.

அல்பேனியர்கள் பெரும்பான்மையாக வாழும், அன்று செர்பியாவின் கீழ் இருந்த கொசோவோவும் இப்படித்தான். 1989இல் தன்னாட்சியைப் பறித்த பிறகும் ருகோவாவின் தலைமையில் அல்பேனியர்கள் வருடக்கணக்கில் வன்முறை இல்லாமல் இருந்தார்கள், வீடுகளில் பள்ளி நடத்தினார்கள். போஸ்னியப் போரை முடித்த 1995 டேட்டன் ஒப்பந்தம் கொசோவோவைக் கண்டுகொள்ளவில்லை. அதன்பின் ஆயுதம் எடுத்த கொசோவோ விடுதலைப் படையின் பக்கம் ஆள் சேர்ந்தது. ஆக, வழி என்பது ஒரு இனத்தின் குணமல்ல. காலத்துக்குக் காலம் தெரிந்தெடுப்பது, சில நேரம் எதிரில் இருப்பவர் மற்ற வழிகளை அடைத்துத் தெரிய வைப்பது.

அதனால்தான் ‘வழி’. அப்புறம், ‘தேர்வு’ என்றால் நம் பிள்ளைகளுக்குப் பரீட்சை. ஈழத்தில் ‘தெரிவு’ இன்றும் அன்றாடச் சொல். அதை நாம் எடுத்துக்கொள்வதில் எனக்கு மகிழ்ச்சிதான். நடுவில் ‘த்’ கட்டாயம் வேண்டும், இல்லாவிட்டால் ‘வழி தெரிவது’ என்று படித்துவிடுவார்கள். ஒரு அமைப்பு வழியை மாற்றினால் ‘வழிமாற்றம்’.

உட்பிரிவுகளுக்கு அறவழி, ஆயுதவழி என்று கோவை அம்மா சொன்னது காதுக்கு நன்றாக இருக்கிறது. ஆனால் ‘அறம்’ தீர்ப்புச் சொல்லிவிடுகிறது. 1965இல் ரயிலை எரித்தவர்கள் கையில் ஆயுதமும் இல்லை, அதை அறவழி என்றும் சொல்ல முடியாது. பாடநூலுக்கு ‘வன்முறை வழி’, ‘வன்முறையற்ற வழி’ என்றே இருக்கட்டும். நீளம்தான், பரவாயில்லை.

இன்னொரு சொல் பாக்கி இருக்கிறது: ‘அவுட்பிடிங்’. ஒரே இனத்துக்குள் கட்சிகளும் இயக்கங்களும் ஒருவரை ஒருவர் மிஞ்ச, கோரிக்கையையும் வழியையும் ஏற்றிக்கொண்டே போவது. கடைசியில் சொந்த இனத்துத் தலைவர்களையே பலி கொள்கிற அளவுக்குப் போகும்; 1989இல் கூட்டணித் தலைவர் அமிர்தலிங்கத்தைச் சுட்டது புலிகள்தான். மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் மல்லிகைக்கு ஒருவர் விலை சொன்னதும் அடுத்தவர் மேலே கேட்பது போல என்பதால் ‘மேற்கேட்பு’ என்று யோசித்தேன். உயிர் போகிற விஷயத்துக்கு அந்தச் சொல் தாங்குமா என்று தெரியவில்லை. ‘விஞ்சுகோரல்’ பொருந்துமா? உங்கள் கருத்தை எழுதுங்கள்.