யூரியா மேல் மக்கும் பூச்சு: முதல் நாளிலேயே 60% கரைந்துவிடுகிறது

அம்பத்தூர்_லேப்:
யூரியா மண்ணில் மெதுவாகக் கரைய மக்கும் பூச்சு செய்கிறோம். மக்காச்சோள ஸ்டார்ச் 5 பங்கு, பிவிஏ (பாலிவினைல் ஆல்கஹால், நீரில் கரையும் பாலிமர்) 3 பங்கு, கிளிசரின் 1 பங்கு. தண்ணீரில் மொத்தம் 8% கரைசல். உரக்கடை யூரியா 1 கிலோவை சின்ன பேன் கோட்டரில் (சுழலும் சட்டி) உருட்டி, ஸ்ப்ரே கன்னால் எடையில் 6% பூச்சு ஏற்றுகிறோம். 10 கிராமை 200 மில்லி தண்ணீரில் போட்டால் 24 மணி நேரத்தில் 60% வெளியே வந்துவிடுகிறது. பாதி அடிக்கும்போதே பேனில் கட்டி கட்டியாக ஒட்டிக்கொள்கிறது. பூச்சை 10% ஆக்கலாமா? குறுக்கிணைப்புக்கு (பாலிமர் இழைகளை ஒன்றோடொன்று பிணைக்க) சிட்ரிக் அமிலம் போடலாமா?

பேன்கோட்டர்:
முதலில் தண்ணீர்க் கணக்கைப் பாருங்க. 60 கிராம் திடப்பொருள் ஏற 750 கிராம் கரைசல் அடிக்கணும். அதில் 690 கிராம் தண்ணீர். 20 டிகிரியில் 1 லிட்டர் தண்ணீர் 1 கிலோவுக்கு மேல் யூரியாவைக் கரைக்கும். அவ்வளவும் ஆவியாகாமல் நின்றால் உங்க சரக்கில் முக்கால் பங்கு போச்சு. கட்டி பிடிப்பதற்கு முக்கியக் காரணம் ஸ்டார்ச் இல்லை, கரைந்த யூரியா மறுபடி உறைவதுதான். அது பூச்சுக்குள்ளேயே கலந்து காய்கிறது. தண்ணீர் பட்டதும் அதுதான் முதலில் கரைந்து ஓட்டை விடும். இந்த நிலையில் 10% ஆக்கினால் இன்னும் 500 கிராம் கரைசல் அடிப்பீங்க, அவ்வளவுதான்.

உருண்டைகளை 60–65 டிகிரியில் வைத்து, சூடான காற்றை நிறுத்தாமல் விடுங்க. சில விநாடி அடித்து, காயவிட்டு, மறுபடி அடிக்கணும். பேனில் கலகலவென்று சத்தம் வரணும். சத்தம் மந்தமானால் கன்னை நிறுத்துங்க. 30 டிகிரியில் காற்றின் ஈரப்பதம் சுமார் 72% தாண்டினால் யூரியா தானே ஈரம் இழுக்கும். சென்னையில் கடல்காற்று உள்ளே வந்த பிறகு அது சாதாரணம். ஏசி அறையில் செய்யுங்க.

குருணை:
மேலே சொன்னதோடு, உருண்டையின் அளவையும் பாருங்க சார். 1.5 மில்லிமீட்டர் பிரில் (சிறு உருண்டை யூரியா) 1 கிலோவுக்கு மேற்பரப்பு சுமார் 3 சதுர மீட்டர். 6% பூச்சு அதில் 16 மைக்ரான்தான் வரும். 3 மில்லிமீட்டர் குருணை யூரியாவில் அதே 6% சுமார் 33 மைக்ரான். சல்லடை போட்டு தூளை நீக்காமல் எதுவும் செய்யாதீங்க.

கடை யூரியா 2015 முதல் வேப்பெண்ணெய் பூசியே வருது. நீர்க்கரைசல் சீராகப் பிடிப்பது சிரமம். சோதனைக்கு எண்ணெய் இல்லாத டெக்னிகல் கிரேடு வாங்குங்க.

சிட்ரிக் அமிலம் வேண்டாம். அது ஸ்டார்ச்சோடு நன்றாக இணைய பொதுவாக 120–150 டிகிரி பதப்படுத்தணும். யூரியா 133-லேயே உருகிடும். அதற்குப் பதில் போராக்ஸ் (போரான் உப்பு) போட்டால் பிவிஏ நாசிலிலேயே கெட்டியாகும், அதிகமானால் போரான் பயிரையும் தாக்கும்.

அம்பத்தூர்_லேப்:
நன்றி. அப்போ தண்ணீரை விட்டுட்டு, எத்தனாலில் கரையும் எதைல் செல்லுலோஸ் (மாற்றிய செல்லுலோஸ் பாலிமர்) போடலாமா?

மண்_சோதனை:
தண்ணீர்ப் பிரச்சினை தீரும். எத்தனாலில் 5% கரைசல் போதும். யூரியா எத்தனாலில் கொஞ்சம்தான் கரையும். ஆனால் தீப்பொறி வராத மோட்டார், நல்ல எக்ஸாஸ்ட் கட்டாயம். செல்லுலோஸ் என்ற பெயரைப் பார்த்து மக்கும் என்று நினைக்காதீங்க, எதைல் குழுக்கள் ஏறியபின் நொதிகள் அதைத் தொடுவது கடினம். பிஎல்ஏவும் (பாலிலாக்டிக் அமிலம்) மண்ணின் சாதாரண வெப்பத்தில் அசையாது. அதற்கு 58 டிகிரி கம்போஸ்ட் குவியல் வேணும்.

மண்ணில் நிஜமாக மக்குவது பிசிஎல் (பாலிகேப்ரோலாக்டோன் என்ற பாலிமர்). டைகுளோரோமீத்தேன் என்ற கரைப்பானில் கரையும், ஃபியூம் ஹூடுக்குள் (ஆவியை உறிஞ்சும் பெட்டி) மட்டும் செய்யணும். ஸ்டார்ச் பூச்சை அப்படியே வைத்து, மேலே 2–3% பிசிஎல் கொடுத்துப் பாருங்க. ஸ்டார்ச் படலம் தண்ணீர் குடித்து உப்பும், தனியாக எவ்வளவு கனமாகப் போட்டாலும் வாரக்கணக்கில் தாங்காது.

சோதனையை 25 டிகிரி இன்குபேட்டரில் வைங்க. நம்ம ஊர் அறை வெப்பத்தில் வெளியீடு வேகமாகத்தான் தெரியும். மெதுவாக வெளியிடும் உரங்களுக்கான ஐரோப்பிய இஎன் 13266 அளவுகோல்: வெளியீடு 24 மணி நேரத்தில் 15%, 28 நாளில் 75% தாண்டக்கூடாது. முதல் நாளிலேயே எகிறினால் அநேகமாக விரிசலும் ஓட்டையும்தான். 20 உருண்டையைத் தனித்தனி டியூபில் போட்டுப் பாருங்க, எத்தனை உடனே காலியாகி வெறும் தோலாக நிற்குது என்று தெரிஞ்சிடும்.

பிசிஎல் 60 டிகிரியில் உருகும். வெயில் காலத்தில் தகரக் கூரை கிடங்கில் மூட்டை அடுக்கினால் அடிமூட்டை பாறையாகிடும், 0.5% டால்க் தூவி, நிழலில் வைங்க.