சிப்பிப்பாறை கடுவன்: மூத்திரம் போகாதப்பவும் ரத்தம் சொட்டுது

கரிசல்காடு எழுதியது:
எல்லாருக்கும் வணக்கம். சாத்தூர் பக்கம் கிராமம். எங்க சிப்பிப்பாறை நாய்க்கு எட்டு வயசு ஆகப்போகுது, காயடிக்கலை. கொஞ்ச நாளா அவன் படுத்து எந்திரிச்ச சிமெண்டுத் தரையில ரத்தச் சொட்டு கிடக்கு. மூத்திரம் பெய்யும்போது நிறம் சாதாரணமாத்தான் இருக்கு. வெளிக்கிக்கு ரொம்ப நேரம் முக்குறான், வர்றதும் தட்டையா நாடாவாட்டம் வருது. தீனி குறையலை, ஓட்டமும் குறையலை. டவுன்ல ஒரு இடத்துல காட்டினேன். தொட்டுக்கூடப் பார்க்காம மூத்திரக் கடுப்புன்னு ஊசி போட்டாங்க. நின்ன மாதிரி இருந்துச்சு, இப்ப மறுபடியும் சொட்டுது. பக்கத்து வீட்டு அண்ணாச்சி கிட்னி போச்சுங்கிறார். எங்கே இருந்து ஆரம்பிக்கணும்?

மடிப்பாக்கம்_லேப்ரடார்:
புரோஸ்டேட் (மூத்திரப் பைக்குக் கீழே இருக்குற ஆண் சுரப்பி) மாதிரி தெரியுது. எங்கப்பாவுக்கு அதுக்குன்னு பி.எஸ்.ஏ.ங்கிற ரத்த டெஸ்ட் எடுத்தோம். அதே லேப்ல நாய் ரத்தத்தையும் கொடுத்துப் பாருங்களேன்.

தெருநாய்த்_தோழி:
முதல்ல ஒண்ணு சொல்லுங்க, அவன் ஊர்ப் பொட்டைகளோட சேர்றானா? குறித்தோலை முழுசாப் பின்னால தள்ளி, அடி வரைக்கும் பாருங்க. சிவப்பா, பொலபொலன்னு சதை வளர்ந்திருந்தா அது சேர்க்கையில தொத்துற கட்டி. நாங்க தூக்கிட்டு வர்ற தெரு நாய்கள்ல இது சர்வ சாதாரணம். பயப்படாதீங்க, வாரம் ஒரு வின்கிரிஸ்டின் ஊசியில பெரும்பாலும் கரைஞ்சிடும். இதைப் பார்க்காமலே ஸ்கேனுக்குப் பணம் கட்டுறவங்க நிறைய.

பழைய_மாட்டு_டாக்டர்:
தோழி சொன்னதை முதலில் செய்யுங்கள். அங்கே ஒன்றும் இல்லை என்றால் மேலே படியுங்கள்.

மூத்திரத்தோடு கலந்து வரும் ரத்தம் வேறு, சும்மா இருக்கும்போது சொட்டும் ரத்தம் வேறு. சும்மா சொட்டினால் கிட்னியை விட்டுவிட்டுப் புரோஸ்டேட், மூத்திரக் குழாய், குறித்தோல் இந்த மூன்றில் தேட வேண்டும். அண்ணாச்சியிடம் சொல்லிவிடுங்கள். உங்களுடையதில் வெளிக்கி முக்கலும் சேர்ந்திருப்பதால் நான் புரோஸ்டேட் பக்கம் சாய்கிறேன். மனுஷனுக்கு அது பெருத்தால் உள்ளே ஓடும் மூத்திரக் குழாயை நெரிக்கும். நாய்க்குப் பெரும்பாலும் வெளிப்பக்கமாகப் பெருத்து, மேலே இருக்கிற மலக்குடலை அழுத்தும். கிழவர் மூத்திரத்துக்கு நிற்பதும் கிழட்டு நாய் வெளிக்கிக்கு முக்குவதும் இதனால்தான்.

காயடிக்கவில்லை என்று எழுதினீர்களே, அது இங்கே பெரிய தகவல். ஐந்தாறு வயது தாண்டிய காயடிக்காத நாய்களில் பெரும்பாலானவற்றுக்கு இந்தச் சுரப்பி பெருத்துத்தான் இருக்கும். ஆண் ஹார்மோன் செய்கிற வேலை அது, எல்லாவற்றுக்கும் தொந்தரவு வராது. காயடித்த நாய்க்கு அது சுருங்கிப் போயிருக்க வேண்டும். அப்படிப்பட்ட நாயிடம் பெரிதாகத் தட்டுப்பட்டால் நான் முதலில் புற்றைத்தான் நினைப்பேன். வயசானால் வரும் இந்த வீக்கத்தைக் காயடிப்பு தடுக்கும், புற்றைத் தடுக்காது. பல பேர் இதைத் தலைகீழாக நம்புகிறார்கள்.

இனி பரிசோதனை. ஆசன வழியாக விரல் விட்டுப் பார்க்காத டாக்டரிடம் அடுத்த பைசா செலவழிக்காதீர்கள். கையுறை போட்ட ஒரு விரல் போதும். இன்னொரு கையால் அடிவயிற்றை மேலே தூக்கிக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் பெருத்த சுரப்பி வயிற்றுக்குள் சரிந்து விரலுக்கு எட்டாது. இரண்டு பக்கமும் சமமாக, நடுவில் பள்ளத்தோடு, வழவழப்பாக, அமுக்கினாலும் நாய் பேசாமல் நின்றால் அநேகமாக வயசு வீக்கம். தொட்டதும் கத்தி, காய்ச்சலும் தீனி வெறுப்பும் இருந்தால் தொற்று அல்லது சீழ். முண்டும் முடிச்சுமாக, கெட்டியாக, அசையாமல் இருந்து, மெலிவும் பின்னங்கால் தள்ளாட்டமும் சேர்ந்தால் புற்றைத் தேடணும்.

அதற்குப் பிறகுதான் ஸ்கேன். காலையில் மூத்திரம் விடுமுன் கூட்டிப் போனால் தெளிவாகத் தெரியும். மூத்திரத்தைத் தரையிலிருந்து பிடிக்காமல் மூத்திரப் பையிலிருந்து ஊசியால் எடுத்துக் கல்ச்சருக்கு (கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனை) அனுப்பச் சொல்லுங்கள். நம் ஊரில் உண்ணிக் காய்ச்சலும் ரத்தம் கசிய வைக்கும், ஆகவே ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்கள் எண்ணிக்கையும் பார்க்கட்டும்.

அந்த ஊசி விஷயம்: நாள்பட்ட தொற்றில் எல்லா ஆன்டிபயாடிக்கும் இந்தச் சுரப்பிக்குள் நுழையாது. அமாக்சிசிலின் சரியாகப் போகாது, என்ரோஃப்ளாக்சசின் போகும். அதையும் 4 முதல் 6 வாரம் கொடுக்க வேண்டும். ஓரிரு ஊசியில் நின்றதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

மடிப்பாக்கத்துக்காரருக்கு: மனுஷ பி.எஸ்.ஏ. நாய்க்கு உதவாது. நாய்க்கென்றே சி.பி.எஸ்.இ. என்று ஒரு ரத்தப் பரிசோதனை உண்டு (பள்ளிக்கூடம் இல்லை, அது ஒரு புரோஸ்டேட் என்சைம்). வயசு வீக்கத்துக்குக் கை கொடுக்கும், புற்றைப் பிரித்துக் காட்டாது.

உங்களுக்குத் திருநெல்வேலி ராமையன்பட்டி கால்நடைக் கல்லூரி ஆஸ்பத்திரி தூரமில்லை.

கரிசல்காடு:
டாக்டர் ஐயா, போயிட்டு வந்தாச்சு. குறித்தோல்ல கட்டி எதுவும் இல்லை. விரல் விட்டுப் பார்த்தாங்க, ரெண்டு பக்கமும் சமமாப் பெருத்திருக்கு, வலி இல்லை. ஸ்கேன்ல சின்னச் சின்ன நீர்க்கட்டி, வேற ஒண்ணும் இல்லை. கல்ச்சர்ல கிருமி வளரலை, தட்டணு சரியா இருக்கு. காயடிச்சிரலாம்னு சொல்றாங்க. எனக்கு இவன்கிட்ட ஒரு ஈத்து எடுத்திரணும்னு ஆசை. அதுவரைக்கும் தள்ளிப்போட வழி இருக்கா?

பழைய_மாட்டு_டாக்டர்:
இருக்கிறது. மனுஷருக்குக் கொடுக்கும் ஃபினாஸ்டெரைடு மாத்திரைதான். எடை பார்த்து உங்கள் டாக்டரே எழுதட்டும். சொட்டுவது நிற்கச் சில வாரம் ஆகும், நிறுத்தினால் சுரப்பி திரும்பப் பெருக்கும். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் உடைத்த மாத்திரையை அவர்கள் தொடக்கூடாது. யாராவது ஈஸ்ட்ரோஜன் ஊசி போடலாம் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், எலும்பு மஜ்ஜையைக் கெடுத்துவிடும்.

சேர்ப்பதற்கு முன்னால் இவனுக்கும் பொட்டைக்கும் புருசெல்லா (சேர்க்கையில் தொற்றும் கிருமி) ரத்தப் பரிசோதனை எடுங்கள். ஈத்து முடிந்ததும் காயடித்துவிடுங்கள், 3 வாரத்தில் சுரப்பி பாதியாகிவிடும்.